சங்கத்து ஆட்களுக்குத் தள்ளுபடி

குடைக்காரரின் கடை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இல்லாமல் போனது. தீப்பிடிக்கவில்லை, இடிந்து விழவில்லை, அவர் காலி செய்துகொண்டு போகவும் இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் பொம்மைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே இருந்த கடையைப் பூட்டிவிட்டுப் போனவர், மறுநாள் வந்து பார்த்தபோது பொம்மைக் கடையும் பாத்திரக் கடையும் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு, காலகாலமாக அப்படித்தான் இருந்தவை போல நின்றன. மனுஷன் கையில் சாவியோடு கொஞ்ச நேரம் நின்றார். தெரு மாறி வந்துவிட்டோமோ என்று அடுத்த தெருவுக்குப் போய் அங்கேயும் தேடிவிட்டு வந்தார். வேறு வழி தோன்றாமல், இரண்டு சுவரும் சேர்ந்த கோட்டில் சாவியை நுழைத்துத் திருகிப் பார்த்தார். தெருவே வேடிக்கை பார்த்தது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. தெரு ஒரு கடை அகலத்துக்குக் குட்டையாகியிருந்தது. பஸ்ஸுக்கு நடந்து போகிறவர்களுக்கு நிறுத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். சீக்கிரம் வந்ததற்காக யார் போய்ப் புகார் கொடுக்கப் போகிறார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கடை வந்திருந்தது. உப்பு முதல் கற்பூரம் வரை ஒரே கூரையின் கீழ், குளிர்ந்த காற்றோடும் தள்ளுவண்டியோடும் கிடைத்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது தெருவும், தெருவின் வணிகர் சங்கமும். மெத்தைக் கடைக்கு மேலே மாடியறைதான் சங்க அலுவலகம். சங்கத்தில் சேருகிறவர் தன் கடையிலிருந்து ஓர் இருக்கையைக் கொண்டுவந்து போட வேண்டும் என்பது வழக்கம். அதனால் அந்த அறையில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. தலைவர் மெத்தைக் கடைக்காரர். கூட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் தூங்கிவிடுவார். மெத்தை விற்கிறவர் தூங்காமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று உறுப்பினர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சங்கத்தை உண்மையில் நடத்தியது செயலாளர். கணவர் போன பிறகு பூட்டு சாவிக் கடையைத் தனியாளாக நடத்திவந்தவள், தெருவுக்கெல்லாம் அக்கா. எல்லாக் கடைகளின் மாற்றுச் சாவிகளும் அவளிடம்தான் இருந்தன. ஒருவர் படுத்துவிட்டால், அக்கா சாவியை எடுத்து மற்றவர்களிடம் கொடுப்பாள்; அவர்கள் முறை வைத்து அந்தக் கடையைத் திறந்து வியாபாரம் பார்ப்பார்கள். பிள்ளைப்பேறானாலும் சரி, சாவானாலும் சரி, தெருவில் ஒரு கடையும் இருட்டிக் கிடந்ததில்லை.

அந்த அக்காவுக்குக் கூடப் பிறந்தவர்தான் பெட்டிக்காரர். சவப்பெட்டி செய்கிறவர். பெட்டிக்கடை எங்கே என்று கேட்டு, யாரோ காட்டிய வழியில் வெளியூர்க்காரர்கள் சிகரெட்டும் மிட்டாயும் வாங்க அவர் கடைக்குள் நுழைந்து, உள்ளே சுவரில் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்து வந்த வழியே திரும்பியதெல்லாம் உண்டு. அவருக்குப் பெண் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை, அவரும் கேட்டுப் போகவில்லை. அப்பா விட்டுப்போன கடையில் மரத்தை இழைத்து, பின்கட்டில் சமைத்து, அங்கேயே தூங்கினார். சங்க அறையில் அவருடையது பெட்டிப் பலகை மிச்சத்தில் செய்த முக்காலி. அவரைத் தவிர வேறு யாரும் அதில் உட்காரமாட்டார்கள். தெருவில் உள்ள அத்தனை பேரும் விடிந்ததும் ஆள் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ள, வராமல் இருந்தால் தேவலை என்று நினைத்துக் கதவைத் திறக்கிறவர் அவர் ஒருவர்தான். அப்பாவிடமிருந்து அவருக்கு வந்த தொழில் கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: உயிரோடு இருக்கிறவர் மேல் அளவு நாடா படக்கூடாது.

குடைக் கடையைத் தொடர்ந்து பொம்மைக் கடை போனது. உள்ளே தூங்கும் பழுப்புப் பூனையும் அதோடு போனது. அடுத்து மூக்குக் கண்ணாடிக் கடை. சங்கம் சும்மா இருக்கவில்லை. தெரு முழுக்க வண்ண விளக்கு கட்டியது. தெருவின் படம் போட்ட துணிப்பை அச்சடித்தது. சிறு வியாபாரிகள் முன்னேறுவது எப்படி என்று வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்துவந்து பேச வைத்தது. அவர் எல்லோரையும் கண்ணை மூடி வெற்றியை நினைக்கச் சொல்ல, தலைவர் அதை முழு மனதோடு செய்து குறட்டை விட்டார். நகராட்சிக்கு மனுப் போனது. பொறியாளர் ஒருவர் சங்கிலியோடு வந்து தெருவை அளந்தார், பதிவில் உள்ள நீளமும் இதுதான், ஓர் அடி கூடக் குறையவில்லை என்று சொல்லிவிட்டு, அக்கா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். குடைக்காரருக்குப் பெரிய கடையில் வேலை கிடைத்தது. மழை நாளில் வருகிறவர்களின் ஈரக் குடைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிவிடும் வேலை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது பாத்திரக் கடை அம்மா. அவருடைய பீங்கான் அடுக்கின் பின்சுவர் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. முதலில் பக்கத்துக் கடைச் சத்தம் கேட்டது, பிறகு விளக்கு வெளிச்சம் தெரிந்தது, கடைசியில் பக்கத்துக் கடைக்காரர் தலை சீவுவதே நிழலாகத் தெரிந்தது. இனி இரண்டொரு நாள்தான் என்று அவர் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தையல்காரரின் மனைவி, வீட்டுத் தண்ணீர் ஜாடி கை தவறி உடைந்துவிட்டது என்று ஓட்டமும் நடையுமாக வந்து ஒரு ஜாடி வாங்கிப் போனார். அன்று மத்தியானமே சுவர் பழையபடி கெட்டியானது. ஆணியடித்துப் பார்த்தார், ஆணி வளைந்தது. அவசரக் கூட்டம் கூடியது. கடைக்கு ஆள் வேண்டும், ஆள் வந்து கேட்க வேண்டும், அதுதான் சூட்சுமம் என்று முடிவாயிற்று. உறுப்பினர்கள் முறை வைத்து ஒருவர் கடைக்கு ஒருவர் போய் என்ன விலை என்று கேட்பது என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு மாதம் போல எல்லோரும் எல்லாவற்றுக்கும் விலை கேட்டார்கள், வாங்கவும் வாங்கினார்கள். சுவர்கள் மெலிந்துகொண்டேதான் இருந்தன. செருப்புத் தைக்கிறவரின் கடை, உள்ளே உறுப்பினர்கள் வரிசையில் நின்று விலை கேட்ட நாளின் இரவிலேயே போனது. கடைக்கு வாய்ச்சொல் போதவில்லை. வேண்டாததைக் கேட்டால் அதற்குத் தெரிந்தது.

அப்போதுதான் அக்கா அந்த யோசனையைச் சொன்னாள். தேவை இல்லையென்றால் உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதானே. மறுநாள் காலையில் தையல்காரர் தன் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுகளை முற்றத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்தார். வேண்டுமென்றே உடைத்த தட்டானாலும், சாப்பிட வேறு தட்டு இல்லையென்றால் தேவை தேவைதான். பாத்திரக் கடைச் சுவர் அதை ஏற்றுக்கொண்டது. பாத்திரக் கடை அம்மா தன் திரைச்சீலைகளையும் பேரனின் சட்டைகளையும் கிழித்துக்கொண்டு தையல்காரரிடம் போனார். தலைவரின் மெத்தைகள் விற்க வேண்டும் என்பதற்காக ஆளாளுக்குப் படுக்கையைக் கத்தியால் கீறினார்கள். அக்காவின் கடைக்காகச் சாவியைச் சாக்கடையில் எறிந்துவிட்டுக் குடும்பத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கருவிப் பையோடு வந்து திறந்துவிட்டாள். சாயங்காலமானால் தெருவில் உடைகிற சத்தமும் கிழிகிற சத்தமும் கேட்கும். பெரியவர்களே உடைக்கச் சொல்வதில் குழந்தைகளுக்கு அப்படியொரு சந்தோஷம். சச்சரவும் வராமல் இல்லை. பாத்திரக் கடை அம்மா தையல் விட்ட இடமாகப் பார்த்துக் கிழிக்கிறார், அரை நிமிட வேலைக்குச் சுவர் எப்படித் தாங்கும் என்று தையல்காரர் கூட்டத்தில் எழுந்து கேட்டார். அந்த அம்மா முகம் சிவந்து, இனி நடு முதுகில் கிழிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஒரு வீட்டில் உடைந்தால் இன்னொரு வீட்டில் அடுப்பெரிந்தது. அதற்குப் பிறகு சில வருடங்கள் தெரு குட்டையாகவில்லை. வீடுகளில்தான் முழுசாக ஒரு பொருளும் இல்லை.

பெட்டிக்காரரும் தன் பங்குக்குத் தட்டை உடைத்தார், சட்டையைக் கிழித்தார், பூட்டைத் தொலைத்தார். அவருக்காக உடைத்துக்கொள்ளத்தான் யாரிடமும் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் அவர் கடையின் பேச்சு வரும் நேரம் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். முன்பெல்லாம் ஊரில் யார் போனாலும் அவரிடம்தான் வருவார்கள். பெரிய கடை அதையும் விற்கத் தொடங்கியிருந்தது. தொலைபேசியில் சொன்னால் பட்டுத் துணியின் நிறத்தைக் கேட்டுக்கொண்டு அன்றைக்கே வண்டியில் அனுப்பினார்கள். உறுப்பினர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். பாத்திரக் கடை அம்மா வைக்கோல் போட்டுவைக்க என்று ஒரு பெட்டி வாங்கினார், தையல்காரர் கம்பளி வைக்க ஒன்று வாங்கினார். பெட்டிக்காரர் இரண்டையும் மனம் வைத்துத்தான் செய்தார். ஆனால் வைக்கோலுக்கு மூலையும் கம்பளிக்கு அலமாரியும் ஏற்கெனவே இருந்தன, அது சுவருக்கும் தெரிந்திருந்தது. அந்த வருடம் தலைவரின் மனைவி இறந்தார். அவர் தூங்கி எழுவதற்குள், வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் பெரிய கடைக்குச் சொல்லிவிட்டார்கள். பளபளவென்று வந்த அந்தப் பெட்டியின் பின்னால் பெட்டிக்காரரும் எல்லோரோடும் நடந்தார், மூலை இணைப்பு சரியில்லை, ஒரு மழைக்குக் கூடத் தாங்காது என்பதைப் பார்த்தார். அதற்குப் பிறகு மூன்று கூட்டங்களுக்குத் தலைவர் வரவில்லை. வந்த நாளில் தூங்கவும் இல்லை.

அந்த மழைக்காலத்தில் பெட்டிக் கடையின் சுவர் தையல் கடைப் பக்கமாக மெலியத் தொடங்கியது. முதலில் தையல் இயந்திரத்தின் சத்தம் வந்தது. கொஞ்ச நாளில் தையல்காரர் பெருமூச்சு விடுவது கேட்டது. பிறகு வெளிச்சம். கடையும் உள்ளுக்குள் ஒடுங்கிக்கொண்டே வந்ததால் பலகைகளைப் படுக்கப் போட முடியாமல் நிமிர்த்தி வைத்தார், கடைசியில் வாசலில் நின்றுதான் இழைக்க வேண்டியிருந்தது. அக்காவுக்குப் பயம் கடையைப் பற்றி மட்டுமல்ல. மற்றவர்களெல்லாம் இரவில் வீட்டில் படுத்தார்கள், கடை போனாலும் ஆள் தப்பினார்கள். இவர் கடைக்குள்ளேயே படுக்கிறவர். கடை போகிற இரவில் ஆள் என்ன ஆவார் என்பது யாருக்கும் தெரியாது, பொம்மைக் கடைப் பூனையை அதற்குப் பிறகு ஒருவரும் பார்க்கவில்லை. தன் வீட்டுக்கு வந்து படுக்கச் சொல்லி அவள் கெஞ்சினாள், திட்டினாள், ஒரு நாள் அவருடைய பாயைச் சுருட்டித் தூக்கிக்கொண்டே போய்விட்டாள். அவர் மரத்தூளின் மேல் படுத்துக்கொண்டார். அப்பா செத்ததும் இந்த இடத்தில்தான், தனக்கு வேறு இடம் தெரியாது என்றார். அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியை இந்த வயதில் தூக்கிக்கொண்டு போக முடியாதே என்று அக்கா பாத்திரக் கடை அம்மாவிடம் சொல்லி அழுதாள். அவளுக்கும் அப்போது உடம்பு சரியில்லை. இருமல் விடவில்லை. இரும்புத்தூள் நெஞ்சில் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு அரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி, தன் கடையைத் தாண்டி நேரே தம்பியின் கடைக்கு வந்தாள். கடை அப்போது இரண்டு ஆள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அகலம்தான் இருந்தது. சுவர் எண்ணெய்த்தாள் போல இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தையல்காரரின் கால் மிதிப்பது நன்றாகத் தெரிந்தது.

"என்னை அளவெடுடா," என்றாள்.

பெட்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எதுக்கு என்று கேட்டார்.

"சங்கத்துல இன்னைக்கு என் முறைன்னு வச்சுக்கோ."

"பொய்க்குக் கேட்டா சுவருக்குத் தெரியும்க்கா. உனக்குத் தெரியாததா."

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. அளக்கறதுக்கு என்ன, காசா பணமா?"

உயிரோடு இருக்கிறவரை அளக்கக்கூடாது என்பது அவருக்கு மறக்கவில்லை. ஆனால் இது கணக்கில் சேராது, வைக்கோல் பெட்டி போலத்தான், அக்காவின் மனசு ஆறினால் போதும் என்று நினைத்தார். அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பொய்த் தேவைகளுக்கு அவர்கள் அவ்வளவு பழகியிருந்தார்கள். நாடாவை எடுத்து உச்சியிலிருந்து பாதம் வரை பிடித்தார். அக்கா சின்னப் பிள்ளை போல விறைப்பாக நின்றாள். தோளளவு எடுக்கக் கையை விரித்தபோது தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. தையல்காரர் வேலையை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணித் திரும்பினார். சுவரில் வெளிச்சம் இல்லை, நிழல் இல்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காரை சில்லென்று கல்லாக இருந்தது. நிமிர்த்தி வைத்திருந்த பலகைகளில் ஒன்று இடம் கிடைத்ததும் சரிந்து தரையில் படுத்தது. அப்பா காலத்தில் இருந்த அகலத்துக்குக் கடை விரிந்திருந்தது. பெட்டிக்காரர் கையில் நாடாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா குனிந்து அவர் கையிலிருந்த நாடாவை வாங்கிச் சுருட்டினாள்.

"ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்கடா. நான் ஒண்ணும் வேணும்னு உடைக்கல, தானா உடைஞ்சது. வீணாப் போக விடுவானேன்னுதான் நேரா இங்க வந்தேன்."

அவர் அழுதார். சத்தமில்லாமல் அழத் தெரியாத மனுஷன், அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சுவர் கெட்டியானதால் தையல்காரருக்கு அது கேட்கவில்லை. அக்கா அவர் பக்கத்தில் மரத்தூளில் உட்கார்ந்தாள். விலை கேட்டால்தான் வியாபாரம் முடிந்ததாக அர்த்தம் என்பது சங்கத்து வழக்கம், செயலாளரே அதை மீறக் கூடாது அல்லவா.

"எவ்வளவு ஆகும்? சங்கத்து ஆளுங்களுக்குத் தள்ளுபடி உண்டுல்ல?"

"உண்டு," என்றார் பெட்டிக்காரர்.

பெட்டியை அவர் நல்ல மரத்தில் தொடங்கினார். தொடங்கினாரே தவிர முடிக்கவில்லை. முடிக்காமல் வைத்திருந்தால் நாளைத் தள்ளிப்போடலாம் என்று அவருக்கு ஓர் எண்ணம். இழைத்த பலகையையே மறுபடி இழைத்தார், பொருத்திய மூலையைப் பிரித்துப் பொருத்தினார். கடைக்கு அதில் ஆட்சேபம் இல்லை, தேவை நிஜமாக இருக்கும்வரை அது நின்றது. அக்கா தினமும் சாயங்காலம் வந்து எவ்வளவு ஆச்சு என்று பார்த்துவிட்டு, சோம்பேறி என்று திட்டிவிட்டுப் போவாள். கடைசியில் நடக்க முடியாமல் ஆனதும் தன் கடையின் மாற்றுச் சாவியை மற்றச் சாவிகளோடு கோத்துப் பாத்திரக் கடை அம்மாவிடம் ஒப்படைத்தாள். உறுப்பினர்கள் முறை வைத்து அவள் கடையைத் திறந்தார்கள். அடுத்த மழைக்காலம் முடியும் சமயத்தில் போய்ச் சேர்ந்தாள். பெட்டிக்காரர் மூடியின் கடைசி மூலையை அன்று காலையில்தான் பொருத்தினார். பெட்டி கச்சிதமாக இருந்தது. பெட்டியின் பின்னால் நடந்தவர்களில் தலைவரும் இருந்தார், குடைக்காரரும் பெரிய கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, எல்லோருக்கும் மேலாகத் தன் பழைய குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அதன் பிறகு பெட்டிக் கடையின் சுவர் மறுபடியும் மெல்ல மெலிந்தது, தையல் இயந்திரத்தின் சத்தம் திரும்பி வந்தது. அந்தச் சத்தம் வந்த நாளில் பெட்டிக்காரர் சாப்பிடவில்லை. ஆனால் அக்காவை அளந்தபோது சத்தம் நின்ற செய்தி அதற்குள் தெருவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் தலைவர் சாப்பாடு முடிந்ததும் படியிறங்கி வந்து, எதற்கும் என்னையும் ஒருமுறை அளந்து பார்த்துவிடு என்று நின்றார். அளந்து முடியும்வரை சத்தம் நிற்கவில்லை. தலைவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போய், இருந்த ஒரே கண்ணாடிக் கிண்ணத்தையும் போட்டு உடைத்தார். இடையில் வேறு சில வயதானவர்களுக்குச் சத்தம் நின்றதில் கடை தாங்கியது; மூன்று வருடம் கழித்து தலைவர் மறுபடி வந்தபோது அவருக்கும் சத்தம் நின்றது. அவர் பெட்டிக்காரரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தெரியாமல் மரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனார். இப்போது வயதான உறுப்பினர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் முடிந்ததும் நேரே பெட்டிக்காரரிடம் போய் அளவு கொடுப்பது வழக்கமாகிவிட்டது. யாருக்காவது சத்தம் நின்றுவிட்டால் அவர் கடையின் மாற்றுச் சாவியைப் பாத்திரக் கடை அம்மா தனியே எடுத்து வைக்கிறார், முறை போடுகிறார்கள், கடை இருட்டுவதில்லை. தெரு, அக்கா காலத்தில் எவ்வளவு நீளம் இருந்ததோ அவ்வளவு நீளம் இருக்கிறது. சங்க அறையில் அவளுடைய இரும்பு நாற்காலி அவள் விட்ட இடத்திலேயே இருக்கிறது, பெட்டிக்காரர் தன் முக்காலியை அதன் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார். தையல்காரருக்கு மட்டும் ஆண்டுக் கூட்ட நாளில் வேலை அதிகம். தான் இடையில் கையை நிறுத்தி, அதைக் கேட்டு யாராவது தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாதே என்று, கடைசி ஆள் அளவு கொடுத்துவிட்டு வெளியே வரும்வரை, தைக்கத் துணி இல்லாவிட்டாலும், இயந்திரத்தை மிதித்துக்கொண்டே இருக்கிறார்.